கிட்டத்தட்ட முடிந்த ரோபோ

கிட்டத்தட்டக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. கொம்போ வாலோ இருக்காது. கூட்டத்தில் நின்றால் அடையாளம் தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, அவர் கையிலிருக்கும் வேலையைக் காட்டி "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பதுதான். "முடிஞ்சிருச்சு" என்று பதில் வந்தால் அவர் நம்மைப் போன்ற சாதாரண ஆள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றால் சோம்பேறி. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஒரு கண்ணைச் சுருக்கி, தலையை லேசாகச் சாய்த்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தப் பொருளைப் பார்த்து, பெருமூச்சு ஒன்றை விட்டு, "கிட்டத்தட்ட" என்று ஒருவர் சொன்னாரானால், அவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் இன்னும் என்னென்ன பாக்கி என்று விளக்குவார்.

சோம்பேறியோடு இவரைச் சேர்ப்பது பெரிய அநியாயம். சோம்பேறி வேலையைத் தொடுவதில்லை. இவர் விடுவதில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் வசிக்கும் ஞானசேகரன் இந்த இனத்தில் முதல் தரம். வயது நாற்பத்தேழு. ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவர். அவர் போடும் படத்தில் ஒரு கோடு தப்பாக இருக்காது. ஆனால் அது கைக்கு வந்து சேர்வதற்குள் கொத்தனார்கள் உத்தேசமாகவே அஸ்திவாரம் தோண்டி முடித்திருப்பார்கள். அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்புதான் அச்சாகி வந்தது. ஏன்? மேலே போட்டிருந்த பிள்ளையாரின் தும்பிக்கை ஒரு நூல் அதிகமாக வளைந்திருப்பதாக மாப்பிள்ளைக்குத் தோன்றிவிட்டது. ஐந்து தடவை திருத்தினார். பாதிச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை கல்யாணம் முடிந்த மறுவாரம் கிடைத்தது. தும்பிக்கை பிரமாதம் என்று எல்லோருமே சொன்னார்கள்.

மனைவி மலர்க்கொடி கணக்கு டீச்சர். விடை வந்ததும் அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர். இந்த இரண்டு ஜாதகங்களுக்கும் பொருத்தம் பார்த்த ஜோசியர் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்திருக்க வேண்டும்.

போன வருஷம் தை மாதம் ஞானசேகரன் ஒரு ரோபோ பொம்மை செய்ய உட்கார்ந்தார். பெட்டியில் வாங்கிப் பொருத்துகிற சமாச்சாரம் இல்லை. முழுக்க முழுக்கச் சொந்தக் கற்பனை, சொந்தக் கை. பி.வி.சி. குழாய்த் துண்டு, தீர்ந்துபோன இன்ஹேலர், இருமல் மருந்து மூடி, ரீஃபில் குழாய், பழைய கால்குலேட்டரின் பொத்தான்கள், மிக்ஸி ஜாரின் வாஷர் என்று வீட்டில் கிடந்ததெல்லாம் கையாகவும் காலாகவும் இடுப்பாகவும் மாறியது. அந்த வாஷர் மட்டும் கிடந்ததில்லை, வேலையில் இருந்தது. தேங்காய்ச் சட்னி சமையலறைச் சுவருக்குப் போன காலையில்தான் இது மலர்க்கொடிக்குத் தெரிந்தது.

ஒன்றரை முழ உயரத்தில் எழுந்து நின்றவனுக்குச் சுமையன் என்று பெயர் வைத்தார். அவனுக்கு ஒரு கதையும் உண்டு. ஏதோ ஒரு கிரகத்தின் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதற்காக நிறுத்தப்பட்டவன். மனிதர்கள் அந்த ஊரையே காலி செய்துகொண்டு போனபோது அவனை அணைக்க மறந்துவிட்டார்கள். நூற்று நாற்பது வருஷமாக மழையில் நிற்கிறான், வராத கப்பலைப் பார்த்துக்கொண்டு. இதைச் சொல்லும்போது ஞானசேகரனின் குரலே கொஞ்சம் கம்மிவிடும். எதிரே நிற்பவர்களும் ஒரு நிமிஷம் பேசமாட்டார்கள். எப்படி நழுவுவது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

உருவம் முடிய மூன்று மாதம் ஆயிற்று. அப்புறம் வந்தது பெயிண்ட்.

முதலில் சாம்பல் நிறப் பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம். அதன்மேல் தண்ணீர் தெளித்து ஆங்காங்கே கல்லுப்பு ஒட்டி, அதற்கும் மேலே மஞ்சள் பெயிண்ட். காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், அது இருந்த இடமெல்லாம் மஞ்சள் பெயர்ந்துபோய் அடியிலிருக்கும் உலோகம் பல்லிளிப்பதுபோல் தெரியும். அழகான யுக்திதான். ஆனால் உப்பை அள்ளித் தூவினால் போயிற்று என்று விடுகிறவரா அவர்? டப்பா உப்பு முழுவதையும் தாளில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்ல குணமுள்ள கல்லாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினார்.

"ஏங்க, ரசத்துக்கு உப்பு வேணும்."

"முழங்கால்ல இருக்கு. காஞ்சதும் தரேன்."

மஞ்சளும் வெள்ளியுமாகச் சுமையன் அலமாரியில் நின்றபோது மலர்க்கொடிக்கே பிடித்துப்போனது. "நல்லாத்தான இருக்கு. இதோட விட்டுடுங்க" என்றார்.

ஞானசேகரன் தலையைச் சாய்த்தார். "நேத்து பொறந்தவன் மாதிரி நிக்கிறான். நூத்தி நாப்பது வருசம் எங்க?"

உலகமே பழையதைப் புதியதாகக் காட்டப் படாத பாடு படுகிறது. ஞானசேகரனே மாதம் இருமுறை தலைக்கு மை பூசுகிறவர். அப்படிப்பட்டவர் காலையில் மீசைக்குக் கறுப்பு அடித்துவிட்டு, அந்தக் கை காய்வதற்குள் சுமையனின் மோவாய்க்குத் துரு அடிக்க உட்கார்ந்தார். கறுப்பும் பழுப்புமாகத் தண்ணீர் போல் கரைத்த பெயிண்டை இடுக்குகளில் ஓடவிட்டார். துடைத்தார். மறுபடி ஓடவிட்டார். பஞ்சால் ஒற்றினார். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தெறித்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் முழங்காலுக்கு எண்பது வயதும் தோளுக்கு இருபது வயதும் ஆகியிருந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

துருவுக்கு அவர் பார்த்துப் படித்த பாடப்புத்தகம் வீட்டு வாசலிலேயே இருந்தது. கடல் காற்று தின்ற இரும்பு கேட். மூன்று வருஷமாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி மலர்க்கொடி கேட்டுக்கொண்டிருந்த கேட். இப்போது அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட்டார். "கீழ் கீல்ல ஆரஞ்சு, மேல போகப் போக பழுப்பு, ஓரத்துல கறுப்பு. இந்த மாதிரி ஒரு துரு கெடைக்குமா? கடவுளா பாத்துப் போட்டிருக்கார்" என்றார். தினமும் காலையில் முக்காலி போட்டுக் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஒருவர், இந்தத் தெருவில் ஏதோ பிரச்சினை என்று திரும்பிப் போனார்.

ஒரு புதன்கிழமை கூரியர் கொண்டுவந்த அருண்பாண்டியன் என்கிற இளைஞன் கேட்டைத் திறந்தான். கேட் திறக்கவில்லை. வந்துவிட்டது. முழுசாக.

"சார், கேட்டு கைல வந்துடுச்சு சார்" என்றான் அவன், இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க.

உள்ளேயிருந்து ஓடிவந்த ஞானசேகரனுக்கு முறிந்த கீலின் உட்புறம் கண்ணில் பட்டது. இதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்க்காத துரு. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுமினுப்பு.

"அப்பிடியே புடிப்பா. அசையாத. இதோ போன எடுத்துட்டு வந்துடறேன்."

எட்டுப் படம் எடுத்தார். ஒன்பதாவதற்கு அருண்பாண்டியனைக் கொஞ்சம் வெயில் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னபோது மலர்க்கொடி வந்து, கேட்டின் ஒரு முனையைப் பிடித்துச் சுவரில் சாய்த்து, பையனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அந்த வார இறுதியிலேயே புது கேட் வந்தது. துருப்பிடிக்காத எஃகு. மலர்க்கொடி கேட்டு வாங்கியது.

பாடப்புத்தகம் போனதும் ஞானசேகரன் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குக் கிளம்பினார். கரையில் ஏற்றி வைத்திருந்த விசைப்படகு ஒன்றின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்ண அட்டையை இரும்பின் அருகே வைத்து ஒப்பிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது படகின் சொந்தக்காரர் பக்கிரி வந்தார்.

"எந்த டிபார்ட்மெண்ட் சார்?"

"டிபார்ட்மெண்ட்லாம் இல்லீங்க. சும்மா துரு பாக்க வந்தேன்."

பக்கிரி நாற்பது வருஷமாக அதிகாரிகளைப் பார்க்கிறவர். பேண்ட் போட்ட ஆள் நோட்டும் கையுமாக வந்து 'சும்மா' என்றால் அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று அவருக்குத் தெரியும். போன மழையில் கடல் பொங்கியதற்கு இன்னும் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதும் தெரியும். மெதுவாக நகர்ந்து போய் இரண்டு பேரிடம் சொன்னார். இரண்டு பேர் எட்டுப் பேரிடம் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் நங்கூரம், சங்கிலி, வலை இழுக்கும் உருளை, மண்ணெண்ணெய் டின், பீரோக் கதவு, சீட் இல்லாத சைக்கிள், இட்லிக் கொப்பரை என்று கடலூர் முதுநகரின் துரு முழுவதும் வரிசை கட்டி நின்றது. ஞானசேகரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு ரசிகர்கள் இருக்கும் ஊரிலா இத்தனை நாள் தனியாக உட்கார்ந்து துரு பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, மரியாதைக்குச் சொந்தக்காரர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"எப்ப சார் வரும்?" என்று கேட்டார் சைக்கிள்காரர்.

"எது?"

"நிவாரணம்."

ஞானசேகரன் பயந்துபோய் உண்மையைச் சொன்னார். போனில் சுமையனின் படத்தைக் காட்டினார். நூற்று நாற்பது வருஷக் கதையையும் சொன்னார். தப்பி ஓட எந்தப் பக்கம் வழி என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கையில், பக்கிரி போனை வாங்கி விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"தப்பு சார்."

"எது?"

"மார்ல துரு போட்டிருக்கீங்களே. மழத் தண்ணி மார்ல நிக்காது, வழிஞ்சிடும். இந்த இடுப்பு மடிப்புல வந்து தேங்கும். அங்கதான் திங்க ஆரம்பிக்கும்."

"இடுப்புல இல்லண்ணே, மொழங்கையில" என்றார் நங்கூரக்காரர். "கைய மடக்கி வெச்சிக்கினு நிக்கிறான் பாரு."

"உப்புக் காத்து எந்தப் பக்கம் அடிக்குது அந்த ஊர்ல? அதச் சொல்லு மொதல்ல."

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து வாதாடினார்கள். ஒருவர் சுமையன் மாதிரியே கையை மடக்கி நின்று காட்ட, இன்னொருவர் அவர் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று எல்லோருக்கும் காட்டினார். இடுப்பில்தான் தேங்கியது. பக்கிரி சிரித்தார். ஞானசேகரன் வீட்டுக்கு வந்து மார்பிலிருந்த துருவை எல்லாம் துடைத்தார். இரண்டு மாத வேலை. ஆனந்தமாகத் துடைத்தார்.

இப்படியே அடுத்த வைகாசியும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. மலர்க்கொடியின் தம்பி வைத்திலிங்கம், அண்ணாமலை நகரிலிருந்து.

"மாமா, உங்க பேரக் குடுத்துட்டேன்."

"எதுக்கு மச்சான்?"

"சிதம்பரத்துல மாடல் கண்காட்சி. தெற்கு வீதியில கல்யாண மண்டபம். வர்ற சனிக்கெழம காலைல பதினோரு மணிக்குள்ள ஒப்படைச்சிடணும். முடிஞ்ச அயிட்டம் மட்டும்தான் எடுத்துக்குவாங்க. ரோபோ முடிஞ்சிருச்சில்ல?"

"கிட்டத்தட்ட."

"அக்காகிட்ட போனக் குடுங்க."

கிட்டத்தட்ட என்றால் என்ன? விளக்கு பாக்கி. சுமையனின் கண்களில் மங்கிய நீல வெளிச்சம் வரவேண்டும், நெஞ்சுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. பட்டன் செல், தலைமுடி போன்ற ஒயர், கடுகு போன்ற எல்ஈடி பல்புகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பொருத்தி, சுவிட்சைப் போட்டார். கண் எரிந்தது. காதும் எரிந்தது. மூக்கு, மோவாய், மண்டை எல்லாம் எரிந்தது. தலையின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்தபிறகுதான் விளக்கு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசியும் என்ற பால பாடத்தை அவர் மறந்துவிட்டார். நூற்று நாற்பது வருஷச் சோகத்தைச் சுமந்தவன், கல்யாண வீட்டு வாசலில் தொங்கும் சீரியல் பல்பு மாதிரி ஜொலித்தான். மலர்க்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் நன்றாகவே கேட்டது.

தலையைப் பிரித்தார். கறுப்பு அடித்தார். ஒயரை மறுபடி ஒட்டவைத்தார். இப்போது கண் மட்டும் எரிந்தது. ஆனால் வலது கண் சில சமயம் சிமிட்டியது. சோகமான ரோபோ கண்ணடித்தால் என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை முழுக்க அதோடு போராடினார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மலர்க்கொடி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பெட்டியில் வைத்தால் பெயிண்ட் உராயும் என்பதால் சுமையனை மடியிலேயே வைத்துக்கொண்டு ஞானசேகரன் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தார். தோள்பையில் பதினாலு பிரஷ், ஆறு டப்பா பெயிண்ட், ஒயர் பற்றவைக்கும் கம்பி. பஸ் கிளம்பியதுமே ஒரு பிரஷ்ஷை எடுத்து முழங்கையைத் தொட்டார். மலர்க்கொடி அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டார். இன்னும் பதின்மூன்று இருந்தன.

"பொம்மைக்கு டிக்கெட்டு வேணாம் சார்" என்றார் கண்டக்டர். "கம்பிய மட்டும் கெட்டியாப் புடிச்சிக்கச் சொல்லுங்க."

பக்கத்தில் மங்கலம் என்ற அம்மாள். அண்ணாகிராமத்திலிருந்து சிதம்பரத்து மகள் வீட்டுக்குப் போகிறவர். மடியில் சாக்குப் போட்டு, அதன்மேல் வெட்டிய பாதிப் பலாப்பழம்.

"இது இன்னா சாமி தம்பி?"

"சாமி இல்லம்மா. ரோபோ."

"பாவம், ஒரேடியா துருப் புடிச்சிப் போயிருக்கு. வூட்ல பாத்துக்க ஆள் இல்லையா?"

ஞானசேகரன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டை வாங்கியதில்லை. அதை அனுபவித்து முடிப்பதற்குள், புதுச்சத்திரம் தாண்டி ஓர் ஆடு சாலையின் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். பலாப்பழம் எழும்பி, வெட்டிய பக்கம் கீழாகச் சுமையனின் தோளில் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் தோள் முழுக்கப் பால். பிசுபிசுவென்று, வெள்ளையாக.

ஞானசேகரனின் பதினாறு மாதம் ஒரு வினாடியில் பலாப்பாலில் முங்கியது.

"கலங்காத தம்பி. பலாப்பாலுக்கு எண்ணெதான் மருந்து" என்றார் மங்கலம். பழம் உரிப்பதற்காக மகளுக்குக் கொண்டுபோன நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கை நிறைய ஊற்றி, அவர் தடுப்பதற்குள் சுமையனின் தோளில் வைத்துத் தேய்த்தார். தோளில் தொடங்கி, முதுகு, புஜம் என்று குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் இறங்கினார். "சனிக்கெழம ஆம்பளைக்கு எண்ணெ தேச்சா நல்லதுதான்" என்றார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் மலர்க்கொடியும் சிரித்துவிட்டார். பால் போயிற்று. ஆனால் தோளிலிருந்து இடுப்புவரை எண்ணெய் கோடு கோடாக வழிந்து, பஸ் தூசியும் அதில் படிந்து நின்றது.

பத்தரைக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். வைத்திலிங்கம் வாசலிலேயே காத்திருந்தான். சுமையனைப் பார்த்ததும், "மாமா, இதுக்கு எண்ணெல்லாம் உட்டிருக்கீங்களா, சூப்பர்" என்றான். ஞானசேகரன் நேரே உள்ளே நடந்தார்.

பதிவு மேஜையில் சிந்துஜா என்ற இளம்பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், ஊர், படைப்பின் பெயர். கடைசியில் ஒரு வரி: 'இப்படைப்பு முழுமையாக முடிக்கப்பட்டது என உறுதியளிக்கிறேன்.' கீழே கையெழுத்து.

ஞானசேகரன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிட்டத்தட்டன்னு எழுதலாமாம்மா?"

"அந்த மாதிரி கட்டம் இல்லைங்க சார்."

"அஞ்சே நிமிஷம். இந்தக் கண்ணு மட்டும் சரி பண்ணிடறேன்."

தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து சுமையனின் தலையைக் கழற்றினார். சிமிட்டிக்கொண்டிருந்த வலது கண்ணின் ஒயரை இடுக்கியால் மெல்ல இழுத்தார். ஒயர் கையோடு வந்தது. கண் அணைந்துவிட்டது. பற்றவைக்கும் கம்பி சூடாகவே பத்து நிமிஷம் ஆகும். மணி பத்து ஐம்பத்தாறு.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிடலாம். அடுத்த வருஷம் கொண்டாறலாம்" என்றார்.

மலர்க்கொடி பட்டுப்புடவையோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பரீட்சைல மணி அடிச்சப்புறமும் பேப்பரக் குடுக்காம புடிச்சிக்கிற பசங்க இருப்பாங்க. யாருன்னு நெனைக்கிறீங்க? ஒண்ணும் எழுதாதவன் எப்பவோ குடுத்துட்டுப் போயிருப்பான். நல்லா எழுதுனவன்தான் விடமாட்டான். குடுத்துட்டா மார்க் போட்டுடுவாங்களேன்னு பயம்."

"நீ என்னா பண்ணுவ?"

"புடுங்கிடுவேன். ஆனா இத நான் புடுங்க மாட்டேன்."

ஞானசேகரன் சுமையனைப் பார்த்தார். பதினாறு மாதமாக யார் சொன்ன குறையும் அவன்மேல் ஒட்டியதில்லை. எப்படி ஒட்டும்? யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், அது இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடலாம். கையெழுத்துப் போட்ட மறுநிமிஷம் அந்தக் குடை போய்விடும்.

அந்த நேரத்தில் குஞ்சிதபாதம் என்ற முதியவர் ஒரு மர விமானத்தோடு மேஜைக்கு வந்தார். இறக்கையை உடம்போடு சேர்த்து ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் பளிச்சென்று தெரிந்தது. அவர் படிவத்தைப் படிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "டிபன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஞானசேகரனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனார். "சார், அந்த ரப்பர் பேண்டு வெளிய தெரியுதே."

"தெரியட்டுமே. அது இல்லன்னா றெக்க விழுந்துடும்" என்றார் குஞ்சிதபாதம், ஏதோ சின்னப் பிள்ளையின் சந்தேகத்தைத் தீர்ப்பதுபோல. டிபன் பக்கம் நடந்தார்.

ஞானசேகரன் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுமையனின் தலையை மாட்டினார். மேஜைக்குப் போனார். மணி பத்து ஐம்பத்தொன்பது. கையெழுத்துப் போட்டார். இரண்டாவது எழுத்தின் சுழி கோணிக்கொண்டது. அதைத் திருத்தப் பேனாவை மறுபடி வைப்பதற்குள் சிந்துஜா படிவத்தை இழுத்துக்கொண்டாள். நல்ல பெண்.

மத்தியானம் நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் சிவசக்தி, நாடக மேடைகளுக்குக் காட்சி அமைக்கிறவர். சுமையன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து, நிமிர்ந்து, பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"இடுப்புல தண்ணி தேங்கின துரு ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த எண்ணெய்க் கசிவு எப்பிடி சார் பண்ணீங்க? என்ன பெயிண்ட்?"

"நல்லெண்ணெய்ங்க" என்றார் ஞானசேகரன். பொய் சொல்ல அவருக்கு வராது. "அண்ணாகிராமத்து அம்மா ஒருத்தவங்க தேச்சி விட்டாங்க."

சிவசக்தி எதையும் கேட்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒவ்வொரு மாதிரியின் கீழும் மதிப்பெண் தாளை ஒட்டினார்கள். ஞானசேகரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். கற்பனை, பத்துக்கு ஒன்பது. வண்ணம், எட்டு. விளக்கு, நாலு. அதன்கீழே பேனாவில் இரண்டு குறிப்புகள். ஒன்று: வலது கண் எரியவில்லை. இரண்டு: மொத்தத்தில் துரு கொஞ்சம் ஜாஸ்தி.

துரு கொஞ்சம் ஜாஸ்தி. மூன்று தடவை படித்தார். மண்டபத்தின் கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ பாயசம் எங்கே என்று கேட்டார்கள். தலையைச் சாய்த்துச் சுமையனைப் பார்த்தார். மோவாயைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். கொஞ்சம் ஜாஸ்திதான்.

வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்க முடியவில்லை. வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு, "மச்சான், துரு ஜாஸ்தியாம்" என்றார். டிபன் பரிமாறுகிறவரிடம் சொன்னார். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை நிறுத்தி, தாளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். மலர்க்கொடி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. அன்று அவர் ஆறு வடை சாப்பிட்டார்.

பரிசா? முதல் பரிசு தீக்குச்சித் தேருக்கு. இரண்டாவது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ரப்பர் பேண்ட் விமானத்துக்கு. சுமையனுக்கு எதுவும் இல்லை. ஆனால் மண்டபத்திலேயே அதிகக் கூட்டம் அவன் முன்னால்தான். கப்பல் வருமா வராதா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு ஞானசேகரனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போன மலர்க்கொடி, பதிவு மேஜைக்கு முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தார். மார்கழியில் நடக்கவிருக்கும் அடுத்த கண்காட்சிக்குத் தானே பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார். படைப்பின் பெயர் என்ற இடத்தில், ஒரு வினாடிகூட யோசிக்காமல், 'கப்பல்' என்று எழுதினார்.

வாசகரே, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. இந்த ஆள் நம்ம தெரு கடைசி வீட்டுக்காரர்தான், அல்லது நம்ம மைத்துனர்தான் என்று மனசுக்குள் ஒரு பெயரைக்கூடப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நல்லது. ஆனால் உங்கள் வலது கை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? பக்கத்தின் மூலையை மடிக்கிறது, இல்லையா? கிட்டத்தட்டப் படித்தாயிற்று, கடைசி இரண்டு வரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள்.

உட்காருங்கள். இதுதான் அந்தக் கடைசி வரி.